விட்டுவிட்ட கயிறு

ஞாயிறு, இரவு.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில், எல்லோர் முன்னாலும், தங்கை கணவன் சேவியர் என் கைகளை உதட்டில் ஒற்றி முத்தி செய்தான். "மச்சான், நீ மாதாவக் கூப்பிட்டதாலதான் இன்னைக்கு உசுரோட நிக்கேன்."

வெள்ளிக்கிழமை அவன் சங்கு எடுக்க மூழ்கியிருந்தபோது காற்றுக்குழாய் அடைத்துக்கொண்டது. தூக்கச் சொல்லி அவன் வெடுக்கென்று இழுத்த கயிறு படகில் நின்ற என் கையில்தான் இருந்தது. நான் அதை விட்டுவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றேன். என்னைத் தள்ளிவிட்டு அவனை மேலே இழுத்தவர் படகுக்கார அண்ணாச்சி. கயிறு உராய்ந்து கிழிந்த கையில் கட்டோடு அவரும் வாசலில் நின்றார். கட்டைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"நாளைக்கும் நீதான் கயிறு பிடிக்கணும்" என்றான் சேவியர். தலையாட்டிவிட்டேன்.

இப்போது இரவுச் செபத்துக்குக் கைகூப்பினேன். உள்ளங்கைகளுக்கு நடுவே, இல்லாத அந்தக் கயிறு வெடுக்கென்று இழுத்தது. கைகளைப் பிரித்துவிட்டேன்.