ஒன்பதாம் தேதி என்றீர்கள்

மேல்நெல்லியூர்,
10.2.2025

மதிப்புக்குரிய தேவயானி டீச்சருக்கு,

சாந்தம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நலமாக இருக்கிறீர்களா?

நீங்கள் சொன்னபடி நேற்று, ஒன்பதாம் தேதி, உங்கள் வீட்டுப் பியானோ நிகழ்ச்சியில் வாசிக்க ஜமுனாமரத்தூர் வந்தேன். நான் வாசிப்பதைக் கேட்க ஊரில் பதினான்கு பேர் புளி உலுக்குவதை விட்டுவிட்டு வேன் பிடித்து வந்தார்கள். உங்கள் வீடு பூட்டியிருந்தது. "இன்னா சாந்தா, வூடு பூட்டிக் கெடக்குது?" என்றார் என் வீட்டுக்காரர். "டீச்சருக்கு ஒடம்பு சரியில்லாம போயிருக்கும்" என்றேன். மதியம் வரைக்கும் கேட் ஓரமாக உட்கார்ந்திருந்தோம்.

இங்கே டவர் கிடைப்பதில்லை. அதனால் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உடம்புக்கு என்ன? பாட்டில் இடது கைப் பகுதி நன்றாகப் படிந்துவிட்டது. என்றைக்கு வைத்தாலும் வாசித்துவிடுவேன்.

சாந்தம்மாள்

ஜமுனாமரத்தூர்,
14.2.2025

அன்புள்ள சாந்தம்மாள் அக்கா,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நிகழ்ச்சி இரண்டாம் தேதியே முடிந்துவிட்டது. உங்களிடம் மட்டும் ஒன்பது என்று பொய் சொன்னேன்.

என்னிடம் பியானோ தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் திருப்பத்தூரிலிருந்து வருவதாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் அவர்களில் ஒருவர் உங்கள் கையைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவும் வாசிக்கிறாங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் பயந்தேன். எந்த வயதினரும், எந்த நிலையில் இருப்பவரும் கற்கலாம் என்று வாசலில் பலகை மாட்டியவளும் நான்தான். கரும்பு ஆலையில் இரண்டு விரல் போன உங்கள் கைக்கு ஏற்ப அந்தப் பாட்டை மாற்றி எழுதியபோது என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அதே கையை நாலு பேர் பார்க்க வெட்கப்பட்டேன்.

ஒன்பதாம் தேதி உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றே படவேடு கோயிலுக்குப் போனேன். தனியாக வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். பதினான்கு பேர் வருவார்கள் என்று நினைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கவும் கூசுகிறது அக்கா.

தேவயானி

மேல்நெல்லியூர்,
19.2.2025

டீச்சருக்கு,

இரண்டாம் தேதியே முடிந்த விஷயம் எனக்குத் தெரியும். அன்றைக்கு உங்கள் பக்கத்துக் கடை பஷீரா, "போன வாரமே முடிஞ்சி போச்சிங்களே" என்று என் காதோடு சொன்னார். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்க்கத்தான் தெரியாதவள் போல் எழுதினேன். சொல்லிவிட்டீர்கள்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் தெரிந்த பிறகும் நான் எங்கள் ஆட்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. வேனில் வந்த குப்பம்மா தினமும், "டீச்சரம்மாவுக்கு ஜுரம் வுட்டுச்சா?" என்று கேட்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு புளி பொறுக்குகிறேன். உங்களுக்காகச் சொன்ன பொய் எனக்கும் நெஞ்சில் குத்துகிறது.

வகுப்புக்கு வருவதா என்று பிறகு யோசிக்கிறேன். வரும் ஞாயிறு காலை பஸ்ஸில் இங்கே வாருங்கள். எல்லாரும் ஊரில்தான் இருப்பார்கள். நடந்ததை அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள்.

சொல்லும்போது நான் உங்கள் பக்கத்தில் நிற்கிறேன்.

சாந்தம்மாள்