எதிர்பாராத என்று எழுதியிருந்தார்கள்

நேற்று மாநாட்டில் கொடுத்த பையை இன்று காலைதான் பிரித்துக் கட்டிலில் கொட்டினேன். புது ரெக்சின் வாடை அறை முழுக்க ஏறிக்கொண்டது. கையால் துழாவினேன். ஒரு டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, பிஸ்கட் பாக்கெட், அப்புறம் அந்தப் பேனா. பிரெயிலில் எழுதுகிறவர்களுக்கு வருடம் தவறாமல் பேனா கொடுக்க எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ. பேனாவின் மேல் நன்கொடையாளர் பேரை அச்சடித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, "இது நம்ம எழுதுறதுக்கு இல்லடி, அவுக விளம்பரத்துக்கு" என்றாய். இருவரும் சாப்பாட்டுப் பந்தியில் புரையேறும்வரை சிரித்தோம். இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ இல்லாமல் நான் போன முதல் மாநாடு. நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

முதன்முதலில் நாம் போனது நினைவிருக்கிறதா? பள்ளி விடுதியில் அடுத்தடுத்த கட்டிலில் வளர்ந்தவர்கள். நீ கட்டுமாவடி மீன்காரம்மா மகள், நான் வல்லத்திராக்கோட்டையில் கடலை பயிரிடுகிற வீட்டுப் பிள்ளை. கல்லூரி முடித்த கையோடு, பார்வையற்றோர் சங்கத்தின் மாநில மாநாடு என்று கேள்விப்பட்டு, யாருக்கும் முழுதாகச் சொல்லாமல் பஸ் ஏறினோம். மண்டப வாசலிலேயே கோல்கள் ஒன்றோடொன்று தட்டுப்படும் சத்தம். நாகர்கோவில் பேச்சு ஒரு பக்கம், கோயம்புத்தூர்ப் பேச்சு ஒரு பக்கம். தோளில் கைவைத்து, "எந்த ஊரு தங்கச்சி?" என்று கேட்டுக்கேட்டு நம்மை வரிசைக்கு வரிசை கைமாற்றி உள்ளே அனுப்பினார்கள். "இங்கதான்டி யாரும் நம்மளப் பாத்து உச்சுக்கொட்டல" என்று என் காதில் சொன்னாய். அன்றிலிருந்து ஒரு வருடம்கூட நாம் விட்டதில்லை. உனக்கு அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்தது. எனக்கு ஓர் அலுவலகத்தில் தொலைபேசி வேலை. லீவு கேட்கும்போது மட்டும் மாநாட்டைத் திருவிழா என்று சொல்வோம்.

போன வருட மாநாட்டில் நீ பேசியதை நான் மறக்கவில்லை. மறந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெருவில் குழி தோண்டினால் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றாய். "ரிப்பன் கண்ணு தெரியிறவுகளுக்குங்க. எங்க ஸ்டிக்கு அதுக்கு அடியில பூந்து போயிரும். தரையோட ஒரு கட்டை, ஒரு தகரம், தட்டுனா சத்தம் வர்ற மாதிரி ஏதாச்சும் வைக்கணும். இதைத் தீர்மானமாப் போட்டு அரசாங்கத்துக்கு அனுப்புங்க. இல்லைன்னா நம்மள்ல ஒருத்தர் சாகப்போறோம்." கூட்டம் கைதட்டியது. தலைவருக்கும் பார்வை கிடையாது. அவருக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் மேடையில் சிறப்பு விருந்தினர் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "நல்ல தீர்மானந்தாம்மா. இப்ப நேரமில்ல. அடுத்த வருஷம் முதல் தீர்மானமா வச்சுருவோம்" என்றார் தலைவர். அடுத்து என்ன நடந்தது? விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் நேரம் இருந்தது.

பள்ளிக்கூடங்கள் திறந்த கொஞ்ச நாளில், நீ தினமும் திருவரங்குளம் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் குழாய் பதிக்க வெட்டினார்கள். முந்தின நாள் சாயங்காலம் அங்கே குழி இல்லை. மறுநாள் காலை இருந்தது. ரிப்பன் கட்டியிருந்தார்கள், நீ சொன்ன அதே ரிப்பன். உன் கோல் அதற்கு அடியில் போனது, கோலுக்குப் பின்னால் நீ போனாய். எதிர்க்கடைக்காரர் சத்தம் போட்டாராம். பஸ் ஹாரனில் உனக்குக் கேட்கவில்லை. கீழே கிடந்த சிமெண்ட் குழாயில் தலை அடிபட்டது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேரும்போது உன் கை சில்லிட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. போலீஸ் அறிக்கையில், பார்வையற்ற பெண் கவனக்குறைவாக நடந்து சென்றதால் தவறி விழுந்தார் என்று எழுதினார்கள். கவனக்குறைவாம். நடக்கும்போது என்னைப் பேசவே விடமாட்டாயே நீ. "வாயை மூடிட்டு வாடி, ரோட்டைக் கேக்கணும்" என்பாயே.

இந்த வருட மாநாட்டை நம் புதுக்கோட்டையிலேயே வைத்தார்கள். உன் ஆத்தாவைக் கட்டுமாவடியிலிருந்து அழைத்து, பொன்னாடை போர்த்துவதற்காக முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி முடிந்ததும் செயலாளர் முதல் தீர்மானத்தை வாசித்தார். தலைவர் வாக்குத் தவறவில்லை. முதல் தீர்மானம் உன்னைப் பற்றியதுதான். "எதிர்பாராத விபத்தில் நம்மை விட்டுப் பிரிந்த, என்றும் புன்னகை மாறாத சகோதரிக்கு" என்று தொடங்கியது. அந்த மண்டபத்தில் உன் புன்னகையைப் பார்த்தவர் யார்? உன் குரலைக் கேட்டவர்கள்தான் அத்தனை பேரும். எழுந்துவிட்டேன்.

"ஐயா, அதுல ஒரு வார்த்தை தப்பா இருக்குங்க."

"வல்லத்திராக்கோட்டை தங்கச்சியா? இது இரங்கல் தீர்மானம்மா. நின்னு மௌனமா இருக்குறதுதான் வழக்கம்" என்றார் தலைவர்.

"எதிர்பாராதங்கிறதை எடுங்க. அவ எதிர்பாத்தா. போன வருஷம் ஒங்க முன்னாடிதான் சொன்னா. அடுத்த வருஷம் வான்னீங்க. அவளால வர முடியல."

சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கினார். பெரிய மனிதர், இதமாகத்தான் பேசினார். "அம்மா, உங்க வேதனை புரியுது. எல்லாம் விதி. உங்களை மாதிரி இருக்கிறவங்க வெளிய வரும்போது துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றது நல்லது."

நான் பதில் சொல்வதற்குள் முன்வரிசையிலிருந்து உன் ஆத்தாவின் குரல் வந்தது. மீன் ஏலக் கூடத்தில் பேசிப் பழகிய தொண்டை, மைக் தேவைப்படவில்லை.

"எம் மக தனியாத்தாங்க படிக்கப் போனா. தனியாத்தான் வேலைக்குப் போனா. ஒரு நாளு விழுந்ததில்ல. குழி வெட்டுனவன் அந்தக் குழிக்கு ஒரு ஆளைத் துணைக்கு வச்சிருந்தா அவ இன்னைக்கும் வேலைக்குப் போயிருப்பா."

பொன்னாடையோடு ஒருவர் அவர் பக்கம் வந்திருக்க வேண்டும். "அதை அங்கிட்டே வைங்க" என்று சொல்லிவிட்டு, வரிசைகளைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது.

தலைவர், "சரி. திருத்தத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். பின்னாலிருந்து ஓர் அறந்தாங்கிக்காரர், வயதானவர், "கை தூக்குனா யாருய்யா பாக்குறது? வாயால கேளுங்க" என்றார். அழுகைக்கு நடுவே மண்டபம் சிரித்தது. நீ இருந்திருந்தால் முதலில் கேட்டிருக்கக்கூடியது அது. வாயால் கேட்டார்கள். "எடுக்கணும்" என்று ஒரு நாகர்கோவில் குரல் சொன்னது, ஈரோட்டுக் குரல் சொன்னது, சென்னைப் பிள்ளைகள் சொன்னார்கள். பிறகு தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடியவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று போட்டார்கள். உன் தீர்மானத்தையும், தரையோடு தடுப்பு வைக்க வேண்டும் என்பதை, நீ சொன்ன வார்த்தைகளிலேயே நிறைவேற்றினார்கள். விருந்தினரின் கார் அதற்கு முன்பே போய்விட்டது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. இன்று காலை செய்தியைப் போனில் வாசிக்கவிட்டுக் கேட்டேன். விருந்தினர் நலத்திட்ட உதவிகளை வழங்கினார் என்று இருந்தது. எதிர்பாராத விபத்தில் இறந்த பெண்ணுக்கு அஞ்சலி என்று இருந்தது. திருத்தாத பழைய தாளை நிருபர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டார்களாம். நீ விழுந்த இடத்தில் இப்போது கல் பாவி மூடியிருக்கிறார்கள். மிதித்தால் ஆடுகிறது. அடுத்த தெருவில் வெட்டுகிறார்கள், ரிப்பன்தான் கட்டியிருக்கிறார்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

ஆபீசில், "ஆனது ஆச்சு, மனசை ஆத்திக்கங்கக்கா" என்கிறார்கள். ஏன் ஆற்ற வேண்டும்? உன் நகை உன் ஆத்தாவிடம் இருக்கிறது. உன் பிரெயில் புத்தகங்கள் நம் விடுதிக்குப் போய்விட்டன. எனக்கென்று நீ விட்டுப்போனது இந்தக் கோபம்தான். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பஸ்ஸில், ஆபீசில், சாப்பிடும்போதும்கூட அது என்னோடு இருக்கிறது. அது இருக்கும்வரை நீ எனக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறாய்.

சற்று முன் உன் ஆத்தா போன் செய்தார். வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறோம், போலீஸ் அறிக்கையில் இருக்கிற அந்தக் கவனக்குறைவை எடுக்கச் சொல்லி.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒனக்குக் கண்ணு தெரியாது. நம்ம ரெண்டு பேரும் போயி நின்னா என்ன சொல்லுவாங்க தாயி?" என்று கேட்டார்.

"மொதல்ல உக்காரச் சொல்லுவாங்க ஆத்தா" என்றேன்.

"உக்காரக் கூடாது" என்றார் உன் ஆத்தா.