ஆலங்கட்டிக்குக் கீழே மூன்று வரி

ஜனவரி 9, வியாழன்

காலை ஷிஃப்ட். தாழ்ந்த மேகம், தூறல். பதினேழு வருஷமாக இந்தக் குளிர் நாட்டு விமான நிலையத்தில் இதுதான் என் வேலை: மேலேயிருந்து என்ன விழுகிறது என்று பார்த்து எழுதுவது.

வீட்டுக்கு வந்தால் மகள் வாலு கூடத்தில் பெரிய அட்டையை விரித்து வைத்திருக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்காம். தலைப்பு ‘மேகத்திலிருந்து விழுபவை’. பெற்ற தாய் வானிலைக்காரி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம் அப்பா வீட்டில் இருந்தபோதே முடித்துவிட்டாள். சித்தி உதவினாங்களாம்.

சித்தி என்றால் முறைப்படி எனக்குத் தங்கை. என்னை விட்டுப் போனவர் கட்டிக்கொண்ட மருந்துக்கடைக்காரி எனக்குத் தங்கையா?

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

“நீ ஒரு மணி நேரம் பாடம் எடுப்பேம்மா. சித்தி மூணு மூணு வரியில சொல்லிட்டாங்க.”

ஜனவரி 10, வெள்ளி

வாலு பள்ளிக்குப் போனதும் அட்டையை வரி வரியாகப் படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான். பின்னே எதற்கு?

தூறல்: மெல்லிய மேகத்தில் பொடித்துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து விழுகின்றன. சரி. மழை: பெரும்பாலும் உயரத்தில் பனியாகப் பிறந்து, வரும் வழியில் கரைகிறது. இதுவும் சரி. எரிச்சலாக இருந்தது. பனி: கரைய வழியில்லாமல் கீழே வரைக்கும் குளிர். சரி.

ஆலங்கட்டி: ‘மழைத்துளி விழும் வழியில் குளிரில் உறைந்து கட்டியாகிறது. ஆகவே கடுங்குளிர் நாட்களில் விழும்.’

தப்பு! அது வேறு. பனி நடுவழியில் கரைந்து, தரைக்குக் கொஞ்சம் மேலே மறுபடி உறைந்தால், குளிர்காலத்தில் விழும் குருணை ஐஸ் அது. ஆலங்கட்டி பிறப்பது இடிமேகத்தில். தரை கொதித்து, மேலே ஏறும் காற்று ஐஸைக் கீழே விடாமல் தூக்கித் தூக்கிப் போட, ஒவ்வொரு தடவையும் ஒரு பூச்சு தண்ணீர் அதன்மேல் உறையும். காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் விழும். அதற்கு வெயில் வேண்டும்.

அட்டையைச் சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

வாலு இந்த வாரம் அங்கே. அட்டையோடு போய்விட்டாள். தப்பை நான் சொல்லவில்லை. இரண்டு நாள் வாய்ப்பு இருந்தது, சொல்லவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

கண்காட்சி. நடுவராக வந்த பெண்மணி நல்ல மாதிரிதான். சிரித்துக்கொண்டே கேட்டார்: “அப்போ போன கோடையில வெயில் கொளுத்தின அன்னைக்கு ஆலங்கட்டி விழுந்துச்சே, அது எப்படி?”

வாலுவுக்குக் காது வரைக்கும் சிவந்தது. திரும்பி முதலில் சித்தியைப் பார்த்தாள், அப்புறம் என்னை. பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரி முன்னால் வந்து, “தப்பு என்னோடது, பிள்ளையோடது இல்ல,” என்றாள். எல்லார் முன்னாலும்.

நான் இதைத்தானே எதிர்பார்த்தேன்? அவள் தலைகுனியணும்னு நினைச்சேன். குனிஞ்சது என் புள்ள தலை.

ஜனவரி 20, திங்கள்

நேற்று வாலு என்னிடம் வந்தாள். இன்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன், தப்பை முன்னாலேயே பார்த்தேன் என்று. ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

“தெரிஞ்சுமா?”

ஆமாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 22, புதன்

வாலுவே தன் அப்பாவுக்குப் போன் செய்தாள். பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். தடுக்க எந்த முகத்தோடு தடுப்பேன்?

ஜனவரி 27, திங்கள்

மருந்துக்கடைக்காரி போன் செய்தாள். சண்டைக்குத் தயாராக எடுத்தேன். “அக்கா, வாலுகிட்ட பேசிட்டு இருக்கேன். கோவம் தணிஞ்சுடும். நான் உங்ககிட்ட முதல்லயே கேட்டிருக்கணும்.” சனிக்கிழமை மூன்று பேரும் காரில் மலைப்பாதை வழியாகத் தன் பெற்றோர் வீட்டுக்குப் போகிறார்களாம், ஞாயிறு திரும்பி வாலுவை அனுப்புகிறாளாம்.

என் பிள்ளையை எனக்கு அவள் சமாதானம் செய்து அனுப்புவாளாம். நன்றி என்று சொல்லித்தான் வைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

காலையில் மேலே விட்ட வானிலை பலூன் அனுப்பிய கணக்கை இரண்டு தடவை பார்த்தேன். தரையில் உறைநிலைக்கு இரண்டு டிகிரி கீழே. எண்ணூறு மீட்டர் உயரத்தில் மூன்று டிகிரி மேலே. மலைப்பாதை.

மருந்துக்கடைக்காரியின் எண்ணை முதல் தடவையாக நானே அழைத்தேன். எடுத்தது வாலு. சித்தி காரில் பை வைக்கிறார்கள் என்றாள். கிளம்ப வேண்டாம் என்றேன். “ஏம்மா? மழைதானே?”

சொன்னேன். பனி நடுவில் முழுசாகக் கரைந்துவிடும். கீழே இருக்கிற குளிர் அடுக்கு ரொம்ப மெல்லிசு, மறுபடி உறைய நேரம் இல்லை. தண்ணீராகத்தான் விழும், ரோட்டைத் தொட்டதும் கண்ணாடியாகிவிடும். பார்த்தால் ஈரம் மாதிரிதான் தெரியும்.

போனைக் கீழே வைக்காமலே வாசலைப் பார்த்துக் கத்தினாள்: “சித்தி, பையை இறக்குங்க. அம்மா சொல்றாங்க.”

மருந்துக்கடைக்காரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறக்கிவிட்டாள்.

பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. ஓடுதளத்தை மூடினார்கள். மலைப்பாதையில் எட்டு வண்டிகள் வழுக்கி மோதின.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஐஸ் கரைய ரோட்டில் உப்பு போட்டபிறகு வாலுவும் சித்தியும் நடந்தே வந்தார்கள். அவங்களையும் உள்ளே கூப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் இருந்தாங்க. ஆலங்கட்டி பற்றிக் கேட்டாங்க, படம் வரைந்து காட்டினேன்.

வாலு என் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவங்க பக்கத்தில் இல்லை. அதைக் கவனித்தேன். கவனித்ததை இங்கே மட்டும் எழுதுகிறேன்.