ஏழாவது குடை

அன்பு மகளுக்கு, இல்லை, வருங்கால முதலாளியம்மாவுக்கு, எது பிடித்திருக்கிறதோ அதை வைத்துக்கொள்,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர. அதுவும் லிஃப்ட் பழுது பார்க்க ஏழு மாடி ஏறும்போது வலிப்பதில்லையாம், நான் மார்க்கெட்டுக்குப் போய்வரச் சொன்னால் மட்டும் வலிக்கிறதாம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். தம்பி பரீட்சை முடித்துவிட்டான். எப்படிடா எழுதினாய் என்று கேட்டால் "எழுதியிருக்கேன்மா" என்கிறான், பேனாவால்தான் எழுதினாயா என்று அப்பா கேட்டார், அதற்குக் கோபித்துக்கொண்டு உன் அறையில் போய்ப் படுத்துக்கொண்டான். ஆமாம், உன் அறை இப்போது அவனுடையது. உன் சாமான் பெட்டியை மட்டும் அவன் தொடவில்லை, அதன் மூடியில் நீ எழுதி வைத்திருக்கும் மிரட்டலுக்கு இன்னும் பயப்படுகிறான்.

உன் கடிதம் வந்தது. போனில் பேசும்போது என்ன வீராப்பு உனக்கு, காப்பீட்டு அலுவலகத்தை விடப்போகிறேன், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை பிடித்துப் பெட்டிச் சக்கரம், ஜிப், கைப்பை, குடை எல்லாம் பழுது பார்க்கப் போகிறேன் என்று மூச்சு விடாமல் அடுக்கினாய். கடிதத்தைப் பிரித்தால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. மாதக் கடைசிக்குள் ராஜினாமா கொடுத்தால்தான் அந்தக் கடை கிடைக்கும், ஆனால் என்னால் முடியுமா என்று தெரியவில்லை, முடியும் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி பன்னிரண்டு வயதில் நம் மாடிப்படிக்குக் கீழே நடத்திய குடைக்கடைதான் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டாயா, இளைஞர்களுக்கான தொழில் பயிற்சிக்குப் போடும் விண்ணப்பத்திலும் 'விளம்பரம் ஒட்டிய முதல் வாரத்திலேயே ஏழு வாடிக்கையாளர்கள்' என்று எழுதி, பெருமையாக நகல் வேறு அனுப்பியிருக்கிறாய். அப்பா அதைச் சத்தமாகப் படித்தார். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

கண்ணு, திட்டாதே. அந்த ஏழில் மூன்று நான் பார்த்த வேலை. நீ காகிதத்தை ஒட்டிவிட்டு இரண்டு நாள் அந்தப் படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாய், ஒரு ஈ காக்கை வரவில்லை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில்தான் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் எப்போதும் நாலைந்து அநாதைக் குடைகள் கிடக்குமே, பல்லைப் பிடுங்கிக்கொண்டு கன்னத்தைப் பிடித்தபடி போகிறவருக்குக் குடை ஞாபகம் எங்கே வரும். வருஷக்கணக்கில் யாரும் கேட்டு வராத, கம்பி ஒடிந்த மூன்றை எடுத்து நர்ஸ் ஒருத்தியிடமும் பெருக்க வருகிற அக்காவிடமும் எதிர் மருந்துக்கடைக்காரரிடமும் கொடுத்து, என் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், திரும்ப வாங்கும்போது பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டார், நீ மூன்று நாள் தரையில் கால் படாமல் நடந்தாய்.

இதை அப்பாவிடம், அவர் உன் விண்ணப்பத்தைப் படித்த அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னேன். நடுவில் நின்றுபோன லிஃப்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, "நீ மூணா? நானும் மூணுதான் அனுப்பினேன்" என்றார். அவர் கம்பெனி ஆட்கள் மூவராம். அதில் ஒருவரிடம் உடைந்த குடையே இல்லையாம், புதுக் குடை. உன் அப்பா குறடு எடுத்து அதன் கம்பி இரண்டைத் தன் கையாலேயே வளைத்துக் கொடுத்தாராம். முப்பது வருஷமாக எதையாவது சரி செய்துகொண்டே இருக்கிற மனிதர் வேண்டுமென்றே கெடுத்த ஒரே பொருள் அதுதான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். திடீரென்று அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மூணும் மூணும் ஆறு, ஏழாவது யார் என்று கேட்டார்.

நீதானே என்றேன், இல்லை நீதான் என்றார். அவர் முகம் வாடிப்போனது. அதுவும் யாரோ இரக்கப்பட்டு அனுப்பியதாக இருந்தால் பிள்ளை எதை நம்பி வேலையை விடுகிறாள் என்றார். உன் தெம்பெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்த திருட்டு வேலையில் முளைத்தது என்றால், அதைச் சொல்லாமல் உன்னைக் கடை போட விடுவதும் தப்பு, சொல்லி உன்னை உட்கார வைத்துவிடுவதும் தப்பு. இரண்டு நாள் இதே பேச்சு. கடைசியில் அப்பாவுக்குத்தான் ஞாபகம் வந்தது, அந்த வாரம் படிக்கட்டில் நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு குடை காய்ந்துகொண்டிருந்தது என்று. அது மூன்றாம் மாடி டைப்பிஸ்ட் அம்மாவுடையது. லிஃப்டில் யார் பேசினாலும் பதில் சொல்லாமல் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்க் கதவைத் தட்டினோம். உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு உங்களிடம் யார் சொல்லி எங்கள் பெண்ணிடம் குடை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எனக்கு மூளை குழம்பிவிட்டதோ என்பதுபோலப் பார்த்துவிட்டு, "குடை உடைஞ்சுது. கீழே எழுதி ஒட்டியிருந்துது. குடுத்தேன். இதுல யாரு சொல்லணும்?" என்றார்கள். அப்பா என் பக்கம் திரும்பி ஒற்றை விரலைக் காட்டினார். அதோடு முடிந்ததா, முதல் தடவை நீ சரி செய்தது உருப்படவில்லையாம், தெருவில் நாலு எட்டு வைப்பதற்குள் குடை தலைமேல் மடிந்து விழுந்து தொப்பலாக நனைந்தார்களாம், நேராக வந்து உன்னைக் கண்டபடி திட்டினார்களாம். இதை நீ எங்களிடம் சொல்லவே இல்லையே! "அழுவான்னு நெனச்சேன். அழல. எந்தக் கம்பி நிக்கலன்னு கேட்டா. மறுநாள் காலைல கம்பிய நூலால இறுக்கிக் கட்டி மேல கொண்டுவந்து குடுத்தா. குடைய விரிச்சுப் பிடிச்சு ஒரு வாளித் தண்ணிய அவளே அது மேல ஊத்திக் காட்டினா, என் வராண்டா பூரா ஈரம்" என்றார்கள்.

அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் அனுப்பிய ஆறு பேரும் பிரமாதம் என்றார்கள், அவர்கள் குடை விரிந்ததா இல்லையா என்றுகூட யாரும் பார்க்கவில்லை. உண்மையான ஒருத்தர் வந்து திட்டினார்கள், அதற்கு அப்புறம்தான், அவர்கள் சொன்னபடி, நீ கீழே ஓடிப்போய் அந்தக் காகிதத்தில் பென்சிலால் 'ஆயுள் உத்தரவாதம்' என்று சேர்த்து எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வயதில் ஆயுளுக்கு உத்தரவாதம் கொடுத்த ஒரே கடைக்காரி நீயாகத்தான் இருப்பாய். எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல் என்று உன் அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவர் பக்கத்திலிருந்து இல்லை, அது மட்டும் நிச்சயம்.

அதனால் முடியுமா என்று இனிமேல் எங்களைக் கேட்காதே. நாங்கள் உன் அப்பா அம்மா, எங்கள் சாட்சி செல்லாது, நீ ஓட்டைக் குடையை நீட்டினாலும் மழை நின்றுவிட்டது என்று சொல்லுகிற ஆட்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. மாதக் கடைசியில் நீ ராஜினாமா கொடுத்தாலும் தூக்கம் வராது, கொடுக்காவிட்டாலும் வராது. ஆனால் ஒன்று, கடை போட்டால் முதலில் திட்ட வருகிற ஆளுக்கு நாற்காலி போட்டு உட்கார வை. பிரமாதம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பு, அவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்களாக இருந்தாலும் இருப்பார்கள்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, விண்ணப்பத்தில் ஏழு என்று இருப்பதை ஒன்று என்று திருத்து. இந்தக் கடிதத்தோடு ஒரு நீளப் பொட்டலமும் வரும், பிரிக்கும்போது கம்பி கையில் குத்தும், பார்த்து. நாங்கள் கிளம்பும்போது டைப்பிஸ்ட் அம்மா உள்ளே போய் அந்த நீலக் குடையை எடுத்துவந்து அப்பா கையில் திணித்தார்கள். நீ கட்டிய நூல் போன மழையில்தான் அறுந்ததாம். இங்கேயே நான் சரி செய்து தருகிறேன் என்று அப்பா சொன்னதற்கு, "உங்ககிட்ட குடுக்கல, அவகிட்ட அனுப்புங்க. எனக்கு எண்பத்திரண்டு முடிஞ்சுது, ஆயுள் உத்தரவாதம்னு எழுதினவ சீக்கிரம் கடையத் திறக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நல்லபடியாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் எங்கள் ஆசீர்வாதம் உண்டு.

இப்படிக்கு,
உன் பொய் வாடிக்கையாளர்களில் சரிபாதியை அனுப்பிய
அம்மா

(மறுபாதியை அனுப்பியவர் பக்கத்தில் உட்கார்ந்து குடைக்கு நல்ல நூலாகப் போடச் சொல் என்கிறார்.)