மூன்றாம் ஓலைக்கு முன் டாக்டர் சொன்னது

ஆகஸ்ட் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு லீவு. தம்பி அருளுக்கு மறுபடி தலைவலி, இரண்டு முறை வாந்தி. இடது கையில் காப்பிக் கோப்பை நிற்கவில்லை. என்னை இரண்டு முறை அம்மா என்று கூப்பிட்டான். தொடைக் கட்டி இப்போது தேங்காய் அளவு. அவன் பெண்டாட்டி ரோசலின் அழுதுகொண்டே தரை துடைத்தாள்.

வாங்க வேண்டியது: பார்லி, பழந்துணி, தைலம் ஒரு புட்டி.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரி. ரோசலினின் அப்பா, எங்கள் மாமா, அங்கே புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர்; இன்று வேலைக்கு வரவில்லை. வெள்ளைக்கார டாக்டரிடம் நானே இங்கிலீஷில் பேசினேன், முதல் தடவையாக.

பிப்ரவரியிலேயே காலை எடுக்கச் சொன்னேனே, உன் தம்பி ஏன் மறுத்தான் என்றார். இந்தச் சதைப் புற்று நெஞ்சுக்குப் பரவுமாம். தலைக்கு ஏறுவது அபூர்வமாம். அருளுக்கு இரண்டும். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கப்பலில் மூட்டை இறக்குகிறவனுக்கு இங்கிலீஷ் ஏது. அன்று தமிழில் சொன்னவர் மாமா. "வெறும் கொழுப்புக் கட்டிதாம்லா மாப்பிள்ளை. தைலம் தேய்ச்சாப் போதும்கிறாரு." ஆறு மாதம் நான்தான் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 5, புதன்

மாமாவை அவர் வீட்டுப் படியிலேயே பிடித்தேன். முதலில் மழுப்பல். பிறகு, "அப்போ அவங்க ரெண்டு பேருக்கும் மாதா கோயில்ல ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சும்மா. மூணாவதுதான் பாக்கி. நாப்பது நாள் தபசு காலம் வந்துட்டா கல்யாணம் வைக்க முடியாது. பாஸ்குத் திருநாளுக்கு அப்புறம் காலைப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

பாஸ்கு போய் நான்கு மாதம். அப்புறமும் ஏன் சொல்லவில்லை என்றேன். அந்த வாய் வெந்து போக. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல மாட்டேன். சொன்னால் சாமியார் மன்னிக்கச் சொல்வார்.

டாக்டரிடம் சொன்னால் வேலை போகும். அது போதாது. அன்று விழுங்கியதை அருள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாளை வராவிட்டால் கோயில் வாசலில் நின்று கத்துவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அருளுக்கு வலிக்கும். தெரியும். இருந்தாலும்.

மீன் வாங்கியது, சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

வெயில். மாமா வந்தார். ரோசலின் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் டாக்டர் அருள் காலைப் பற்றிச் சொன்னதைச் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல். காலை எடுக்கணும், இல்லேன்னா நெஞ்சுக்குப் போகும், தலைக்கும் ஏறலாம். அழுதார். எனக்கு நன்றாக இருந்தது.

அருள் கவனமாகக் கேட்டான். பிறகு, "பாவம்லா மாமா. யாரு அந்த ஆளு? கால எடுத்தாங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். "எடுத்துட்டாங்க மாப்பிள்ளை. நல்லா இருக்கான்."

அருள் சிரித்தான்.

மாமா எழுந்தார். வாசல் வரை கூடவே போனேன். "குழாயடிக்குப் போங்க மாமா. உங்க மககிட்டயும் சொல்லுங்க. அவளுக்குப் புரியும்."