சொல்லாமல் கிளம்பிய ஞாயிறு

மகளே,

பேரன் நன்றாகப் பால் குடிக்கிறானா? ஞாயிறன்று புஞ்சாக் ஆலாமில் உன் வீட்டில் அவனைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். உன் மாமியாரின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அவர்மேல் கோபமில்லை.

செரண்டாவில் உன் தம்பி லோரியில் அடிபட்டுப் போன அன்று நம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. சோறு கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. நீதான் கடைக்கு ஓடிப் பொட்டலம் வாங்கி வந்தாய். அதனால்தான் சாவு வீடுகளுக்குச் சோறாக்கிக் கொண்டுபோக ஆரம்பித்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் எனக்கே மூச்சு வந்தது.

இப்போது நிறுத்த முடியவில்லை. தள்ளியிருக்கும் பத்தாங் காலி ஊரிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். போகாவிட்டால் அந்தப் பெற்றவள் தனியாகக் கிடப்பாளே என்று மனம் அடித்துக்கொள்கிறது. கல்யாணத்துக்குத்தான் யாரும் அழைப்பதில்லை. சந்தையில் நின்றால், "யாரு தவறிட்டாங்கக்கா?" என்கிறார்கள். "மீன் வாங்க வந்தேன்லா" என்றாலும் நம்புவதில்லை.

சாவு வீட்டில் விடைபெறக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அப்படியே வந்து வந்து, எந்த வீட்டு வாசலிலும் எனக்கு வாய் திறப்பதில்லை. உன் வாசலிலும் அதுதான் நடந்தது. வேறொன்றும் இல்லையம்மா.

போன் அடிக்கிறது. எதற்கென்று தெரியும். எடுக்காமலும் இருக்க முடியாது. அன்று சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன், உன் மாமியாருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படி:

போயிட்டு வரேன்மா.

அம்மா