மறுநாள் மாலையும் திறந்திருந்த வகுப்பறை

வாவியில் மிதக்கும் ஆற்றுவாழைச் செடிகள் அழுகும் மணம் இன்று காலையிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது, டீச்சர். மழை தொடங்கப்போகிறது. நம் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் தவணைப் பெற்றோர் கூட்டம் எப்போதும் இந்த மணத்தோடுதான் வரும். நேற்று மாலையும் நடந்தது. இப்போதைய அதிபர் நம் இருவரிடமும் படித்தவர். "சேர், நீங்க வீடு வீடாப் போய்ச் சொன்னாத்தான் சனம் வரும்" என்று என்னை ஒரு கிழமையாக அலையவிட்டார். போனேன், சொன்னேன், சனமும் வந்தது. ஆனாலும் வீடு திரும்பியதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. இப்படியானதை நான் உங்களிடம்தான் சொல்வேன். நீங்களோ போன மழைக்காலத்தோடு எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு வருபவர்களை நீங்கள் முன்வரிசையில் இருத்தியதே இல்லை. யாருடைய பிள்ளையோ, அந்தப் பிள்ளையின் கதிரையில் அவர்கள் போய் இருக்க வேண்டும். வளர்ந்தவர்கள் முழங்கால் மேசையில் இடிபட, சிரித்துக்கொண்டே இருப்பார்கள். வயல் வட்டைக்குள் வேலை முடித்து நேராக வந்த ஒரு தாய், மகனின் கதிரையில் இருந்து கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டியது எனக்கு மறக்கவில்லை. "இந்தத் தூண் மறைக்கி டீச்சர். பலகையில பாதி தெரியல்ல" என்றார். படிப்பு ஏறாத மொக்கன் என்று நாம் பெயர் வைத்திருந்த பையன் அவன். அந்தக் கதிரையில் அதுவரை நாம் யாரும் இருந்து பார்த்திருக்கவில்லை.

வராதவர்களுக்காக மறுநாள் மாலையும் வகுப்பறையைத் திறந்து வைப்பீர்கள். மற்ற ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள், அக்கறையில்லாத சனத்துக்கு இது எதற்கு என்று. கூட்டம் நடக்கும் நேரத்தில்தான் இறால் பிடிப்பவர்களின் தோணிகள் வாவியில் இறங்கும். "நாம கூப்பிடுற நேரம் அவங்கட சோத்து நேரம் சேர். வராத வீட்டுலதான் நமக்கு வேல இரிக்கி" என்பீர்கள். குடையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவீர்கள். நானும் பின்னால் வருவேன்.

வனிதா எட்டாம் வகுப்பில் இருந்த வருடத்தைத்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். தாய் வெளிநாட்டில், வீட்டு வேலையில். தகப்பன் தம்பிராசா வாவியில். அந்தத் தவணைக் கூட்டத்துக்கு ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, இனிய பேச்சு. "நான் வனிதாட மாமா" என்றார். நாங்கள் எல்லோரும் எழுந்து இடம் விட்டோம். நம் பக்கத்தில் அப்படித்தானே. வம்சத்தைக் குடி என்போம்; பிள்ளைக்குத் தாயின் குடிதான் குடி, கோயில் திருவிழாவிலும் குடிக்கொரு நாள். தாய்மாமன் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. மாமா வந்துவிட்டால் தகப்பன் வரவில்லையே என்று யாரும் கேட்பதில்லை.

அவர் வனிதாவின் கதிரையில் இருக்கவில்லை. யன்னலோரம் நின்றார். பிள்ளையின் புள்ளிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "புள்ளக்கு இப்ப சரியா எத்தின வயசு?" என்று கேட்டார். "இந்தத் தவணையோட பள்ளி விடுகைப் பத்திரம் எடுக்கலாமா?" என்று கேட்டார். தேநீர் பரிமாறிய பிள்ளைகளில் வனிதாவும் ஒருத்தி. எல்லோருக்கும் கையில் கொடுத்தவள், அவருடைய கோப்பையை மட்டும் யன்னல் கட்டின் மேல் வைத்துவிட்டு விலகிப் போனாள். நான் அதைப் பார்த்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு எழுந்தீர்கள்.

"தம்பி எந்தக் குடி?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் இப்ப ஆர் பாக்கிற டீச்சர்?"

"கோயில்ல பாப்பாங்களே. உங்கட குடிக்கு எத்தினையாம் நாள் திருவிழா?"

மறுபடியும் சிரித்தார், சற்று மெதுவாக. மாமனுக்கும் மருமகளுக்கும் ஒரே குடி. வனிதாவிடம் கேட்டிருந்தால் அவள் நித்திரையிலும் சொல்லியிருப்பாள். அவர் கைபேசியை எடுத்துக் காதில் வைத்தபடி வெளியே போனார். அது மணியடித்ததை நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் பின்னேரம் தோணித் துறைக்குப் போனோம். வானம் கறுத்துக் கிடந்தது. தம்பிராசா தோணிக்குள் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பிராசா, வனிதாட தாய்க்கு எத்தின சகோதரங்கள்?"

"அவள் தனிப்புள்ள டீச்சர். ஏன் கேக்கிறீங்க?"

"நேத்து வனிதாட மாமா எண்டு ஒராள் கூட்டத்துக்கு வந்தார்."

"ஓ, அவரா? இறால் எடுக்க வாற ஏவாரி. நல்ல மனிசன். நீ தோணியத் தள்ளு, பள்ளிக்கு நான் போறன் எண்டார். படிச்ச சனத்துக்கு நடுவில நான் வந்து என்னத்தக் கதைக்கிற? கொழும்பில ஒரு வீட்டில விட்டு வனிதாவப் படிப்பிக்கலாம் எண்டும் செல்லியிரிக்கார்."

"எந்த வீடு?"

அவர் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கேக்கல்ல டீச்சர்."

"கேக்க வேண்டிய ஆள் நீங்கதான். இண்டைக்கு வாங்க. கதைக்க வேணாம். அவட கதிரையில இருங்க, போதும்."

பக்கத்துத் தோணியிலிருந்து ஒருவர் கத்தினார். "என்னடா தம்பிராசா, இந்த வயசில எட்டாம் வகுப்பா? பாஸ் பண்ணுவியா?"

"உனக்குப் பக்கத்தில இருந்தா நானும் பெயில்தான்டா" என்றார் தம்பிராசா. எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் முகத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் வந்தார். நனைந்த சாரத்தோடு வாசலில் நின்று, தரை ஈரமாகிவிடும் என்று தயங்கினார். நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து இருத்தினீர்கள். மேசையில் இருந்த மைக்கறையைக் கையால் தடவிப் பார்த்தார். வனிதா ஓடி வந்தாள். பாதி வழியில் நின்றாள்.

"இதுவா மகள் உன்ட இடம்?"

"ஓம் அப்பா."

வனிதா மேசையருகே வந்தாள்.

"அப்பா, நான் கொழும்புக்குப் போகல்ல. தவணை முடியிற அண்டைக்கு வேன் வருமாம். அப்பாட்ட செல்லாத, செல்லினா அழுவார் எண்டு அவர் செல்லினவர்."

தம்பிராசா அந்தச் சின்னக் கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

அவள் சொன்ன நாளிலேயே வேன் வந்தது. கறுத்த கண்ணாடி. பள்ளிக்கூடத்துக்கு எதிரே, வாகை மரத்தடியில் நின்றது. வாசலில் தம்பிராசா நின்றார். அவரைப் பகிடி பண்ணிய துறைக்காரர்களும் இரவெல்லாம் வாவியில் விழித்திருந்த கண்ணோடு வந்து பக்கத்தில் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. வேன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. பொலிசில் சொன்னோம். இலக்கம் கேட்டார்கள். தகட்டில் சேறு பூசியிருந்தது, வாசிக்க முடியவில்லை. மழை நாள்தானே என்று நினைத்தேன்.

அன்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். நீங்கள் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "சேர், இங்கால கிறுகி நல்லாப் பாருங்க. அது வந்த வழியால திரும்பல்ல. அடுத்த ஊருக்குப் போகுது."

வனிதா இன்று வெல்லாவெளியில் பாலர் பாடசாலை ஆசிரியை. கூட்டம் வைக்கும்போது பெற்றோரைச் சின்னஞ்சிறு கதிரைகளில் இருத்துகிறாளாம். உங்கள் செத்தவீட்டில் அதைச் சொல்லி அழுதாள்.

நேற்றைய கூட்டத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் தாய்மாரின் முகங்கள் கைபேசிக்குள் தெரிந்தன. பிள்ளைகள் அவற்றைத் தங்கள் கதிரையில் சாய்த்து வைத்தார்கள். அதுவும் வருகைதான் என்று எனக்குப் பட்டது. ஏழாம் வகுப்பில் ஒரு கதிரையில் கைபேசியும் இல்லை, ஆளும் இல்லை. அந்தப் பிள்ளைக்காக வந்தவர் யன்னலோரம் நின்றார். "மாமாவாம் சேர். தகப்பன் தோணிக்குப் போனாலும் ஒராளாவது வந்தாரே" என்று வகுப்பாசிரியை சந்தோசப்பட்டாள். இளம் பிள்ளை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் போய்க் கேட்டேன். "தம்பி எந்தக் குடி?"

"அதெல்லாம் இப்ப ஆர் பாக்கிற சேர்?" என்று சிரித்தார்.

உண்மையான மாமாவாகவும் இருக்கலாம், டீச்சர். இந்தக் காலத்து இளந்தாரிகளுக்குக் குடி தெரியாமலும் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் விடியும்வரை வேண்டிக்கொண்டேன். ஆனால் அந்தப் பிள்ளை அவர் நின்ற பக்கம் ஒருமுறையும் திரும்பவில்லை.

வகுப்பறையை இன்று மாலையும் திறந்து வைக்கும்படி அதிபரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் தகப்பன் இப்போது துறையில் இருப்பார். அவரிடம் சொல்ல வேண்டியதை நான் புதிதாகத் தேட வேண்டியதில்லை. "கதைக்க வேணாம், மகள்ட கதிரையில இருங்க, போதும்." நீங்கள் விட்டுப்போனது அவ்வளவுதான், எனக்கு அது போதும். தனியாக நடக்கத்தான் கால் கூசுகிறது.

தோணிகள் இறங்குமுன் போக வேண்டும். காலையில் கடைக்குப் போனபோது எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு வேன் நின்றது. இப்போதும் யன்னலால் தெரிகிறது. கறுத்த கண்ணாடி. இலக்கத்தைப் பார்ப்போம் என்று காலையிலேயே கிட்டப் போனேன். தகடு முழுவதும் சேறு.

இங்கே இன்னும் ஒரு துளி மழை பெய்யவில்லை, டீச்சர்.